வளவுக்குள்ள அம்பு எய்ய இலக்கு செய்யிறது எப்பிடி?

வணக்கம். மகன் வீட்டில அம்பெய்தல் பழக ஒரு இலக்கு கட்டவேணும். ரீக்கேர்வ் வில்லு (நுனியள் முன்னுக்கு வளைஞ்சது), தூரம் 18 மீற்றர். தாளில வட்டம் கீறுறது பிரச்சினையில்லை: இலக்குத் தாள் 40 சென்ரிமீற்றர் அகலம், நடுவில பத்துப் புள்ளி வட்டம் 4 சென்ரிமீற்றர். கவராயமும் கலர் பேனையும் போதும். தலையிடி, பின்னால வைக்கிற திண்டுதான்.

உரப்பைக்குள்ள பழைய சாரம், சேலை திணிச்சுத் தொங்கவிட்டம். அம்பு நல்லா நிக்குது, ஆனா துணியெல்லாம் கீழ இறங்கி மேல்பக்கம் வெறும் பையாப் போகுது. ரெஜிபோம் (வெள்ளை நுரை மட்டை) எனக்குப் பிடிக்கேல்ல. உரசல் சூட்டில இளகி அம்பில ஒட்டும், பிடுங்கிறதே பெரும்பாடு. காட்போட் மட்டையளை அடுக்கி, வெட்டின விளிம்பு முன்னுக்கு வர, மேலயும் கீழயும் பலகை வச்சு போல்ற் போட்டு இறுக்கிற யோசினை இருக்கு. தளர்ந்தா திருப்பி முறுக்கலாம். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன செய்யிறது?

தென்னந்தும்பை இறுக்கிக் கட்டி ஆராவது பாவிச்சனியளோ? மற்றது, பின்னுக்குக் கிடுகுவேலி, அங்கால ஒழுங்கை. தப்பிற அம்பை மறிக்க மண்மூட்டை எவ்வளவு உயரத்துக்கு அடுக்கவேணும்? மதில் கட்ட இப்ப வசதியில்லை. மூட்டை அடுக்கும்வரைக்கும் மகனை எய்ய விடேல்ல, முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு திரியிறான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.