தாங்களாகவே போனார்களா?

சத்துவாச்சாரி குமாஸ்தா:
நேற்று ‘பாலாறு’ எழுதியது: “குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசினால் தீர்ந்தது, தொரப்பாடி ஜெயிலை மூடிவிடலாம். கனடாவில் 1974-லேயே இரண்டு பையன்கள் தாங்களாகவே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.” தாங்களாகவே? எல்மைரா ஊரில் 22 இடங்களில் நாசம் செய்து மாட்டிக்கொண்டவர்கள் ஐயா அவர்கள்! நன்னடத்தை அலுவலர் யோசனை சொன்னார், நீதிபதி உத்தரவு போட்டார். அப்புறம்தான் கதவைத் தட்டினார்கள்.

பாலாறு:
தட்டினார்களா இல்லையா? நஷ்டத்தைக் கட்டினார்களா இல்லையா? போன மாதம் தோல் ஷெட் தண்ணீர் விவகாரத்திலும் இப்படித்தான் ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

சத்துவாச்சாரி குமாஸ்தா:
தோல் ஷெட்டை விடுங்கள். தாங்களாகவே போனார்களா?

குடியாத்தம் தறி:
சார், நான் கோர்ட்டு பார்த்ததில்லை. எங்கள் தறியில் நூல் கட்டு திருடினது பக்கத்துத் தெருப் பையன். அவன் அம்மா வெற்றிலை, வாழைப்பழம், மேலே 500 ரூபாய் வைத்துத் தாம்பாளத்தோடு வந்து நின்றார். பையன் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதம் சாயங்காலம் வந்து நூல் சுற்றினான். ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் எனக்கு அந்த நூலாவது கிடைத்திருக்குமா?

பாலாறு:
அக்கா சொன்னதுதான் என் கட்சி.

சத்துவாச்சாரி குமாஸ்தா:
அம்மா, பையன் வீடு ஏழை, அதனால் தாம்பாளம் வந்தது. அவன் அப்பா வட்டிக்கு விடுகிற பெரிய மனுஷராக இருந்தால் யார் யாரிடம் தாம்பாளம் எடுத்துப் போயிருப்பார்கள்? இதற்குப் பெயர் கட்டப் பஞ்சாயத்து. 2011-ல் உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. சமரசம் வேண்டுமா, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 359. எந்தக் குற்றத்துக்குச் சமரசம் உண்டு என்று அதில் பட்டியலே இருக்கிறது. நியூசிலாந்தில் சிறுவர்களுக்குக் குடும்பக் கூட்டம் வைக்க 1989-ல் சட்டம் போட்டார்கள். சட்டம், ஐயா! புளியமரம் இல்லை. முப்பது வருஷம் கோர்ட்டில் கேஸ் கட்டு தூக்கினவன் சொல்கிறேன்.

வாலாஜாக்காரன்:
நம் வேலூர் மாவட்டத்தில் பஞ்சாயத்து வைத்தால் கடைசியில் பிரியாணிதான் மிஞ்சும் :)

பாலாறு:
வாலாஜா 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். ‘நம்’ எங்கிருந்து வந்தது?

வாலாஜாக்காரன்:
எங்கள் தாத்தாவுக்கு எல்லாம் ஒரே வட ஆற்காடு. கோடு போட்டது நானா?

குடியாத்தம் தறி:
குமாஸ்தா சார், 500 ரூபாயை நான் தொடவே இல்லை. அதையும் எழுதுங்கள்.

சத்துவாச்சாரி குமாஸ்தா:
எழுதிக்கொண்டேன். சமரச மனுவில் சேர்த்துவிடலாம். பாலாறு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பாலாறு:
முப்பது வருஷம் கட்டு தூக்கினீர்கள், சரி. ஒரு கட்டையாவது பிரித்துப் படித்தீர்களா?

சத்துவாச்சாரி குமாஸ்தா:
படித்ததால்தான் கேட்கிறேன். தாங்களாகவே போனார்களா?