ஸ்லீப்பிங் பேக் இருந்தும் ராத்திரி முழுக்க நடுக்கம். அவசரம்!

குல்லா_கோபி: வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். போன தடவை டென்ட்டில் கண்ணே மூடவில்லை. பை புதுசு, மைனஸ் 5 என்று போட்டிருக்கிறது. ரெண்டு பனியன், ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டியும் முதுகு விறைத்துப்போனது. இதைவிட நல்ல பை எது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்: எந்த ஊர்? எந்த மாதம்? அடியில் என்ன விரித்தீர்கள்?

தூக்குச்சட்டி: எல்லாம் சாப்பாட்டில் இருக்கிறது. படுக்கும் முன் நாலு கடலை மிட்டாய், சுக்குக் காபி. உடம்பே அடுப்பாகிவிடும்.

பழைய_ஜிப்: மைனஸ் 5 என்பது கம்ஃபர்ட்டா, லிமிட்டா? கம்ஃபர்ட் என்றால் அந்தக் குளிரிலும் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்றால் சுருண்டு படுத்து ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். பாக்கெட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

கரிச்சட்டி: நாங்கள் கங்கு போட்ட சட்டியை டென்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். கதகதவென்று இருக்கும்.

மழைக்காகிதம்: தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்.

கரிச்சட்டி: பத்து வருஷமாகச் செய்கிறோம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்துதான் வைப்போம்.

மழைக்காகிதம்: அது போதாது. பத்து வருஷம் தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

தூக்குச்சட்டி: வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டால் போதுமே, எதற்கு இந்தச் சண்டை? மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

குல்லா_கோபி: சாரி. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர், ஜனவரி. அடியில் காற்றடைக்கும் மெத்தை, வீட்டில் விருந்தாளிக்குப் போடுவது. மொத்தமானதுதான், அதனால் அதைச் சொல்லவில்லை.

பழைய_ஜிப்: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த மெத்தைக்குள் வெறும் காற்று. அது உள்ளேயே சுற்றிச் சுற்றி உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். பையின் பஞ்சும் முதுகுக்கு அடியில் நசுங்கிக் கிடப்பதால் அங்கே உதவாது. மைனஸ் 20 பை வாங்கினாலும் இதே கதைதான். ஃபோம் பாய் ஒன்றை மெத்தைக்கு மேலே போடுங்கள். இரண்டின் ஆர் மதிப்பும், அதாவது சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் அளவும், ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அப்புறம் அந்தப் பருத்தி பனியன்! வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு குளிரடிக்கும். செம்மறி ஆட்டுக்கு ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கும் ஊருக்குப் போகிறவர் ஒரு கம்பளிச் சட்டை போட்டிருக்கலாம்.

கரிச்சட்டி: ஃபோம் பாய் நாலு தடவையில் நசுங்கிவிடும். வைக்கோல்தான் சரி.

பழைய_ஜிப்: பஸ்ஸில் வைக்கோல் கட்டோடு ஏறுங்கள், பார்க்கலாம்.

மழைக்காகிதம்: வைக்கோல் பக்கத்தில் கங்குச் சட்டி. நன்றாக இருக்கிறது.

குல்லா_கோபி: போய் வந்தாச்சு. ஃபோம் பாய் போட்டதில் முதுகு பிழைத்தது. கால் மட்டும் ஜில்லென்றுதான் இருந்தது. நன்றி.

தூக்குச்சட்டி: நடந்த சாக்ஸோடேயே படுத்தீர்களா, காய்ந்தது மாற்றினீர்களா?

தூக்குச்சட்டி: கோபி?