லாக் ரிங் டயருக்குக் காற்று அடிக்கும்போது

மதுரைப் பக்கம் கப்பலூர் தாண்டி ஒரு பஞ்சர் கடையில் பார்த்ததை எழுதுகிறேன், பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். லாக் ரிங் என்பது டயர் கழன்று வராமல் டிஸ்க்கின் (சக்கரத்தின் இரும்புப் பகுதி) ஓரத்தில் மாட்டும் இரும்பு வளையம்.

எங்கள் வண்டியில் பின்னால் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள் டயர் பஞ்சர். கடைக்கார அண்ணன் நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னாலேயே உள் டயர், வெளி டயர் இரண்டிலும் வால்வு பின்னைக் கழற்றிவிட்டார். காற்றுச் சத்தம் நின்ற பிறகும் விடவில்லை, வால்வுக்குள் கம்பியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று குத்திப் பார்த்தார். வெளி டயர் நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் இறக்குறீங்கன்னு கேட்டேன். "உள்ள ரிங்கு விட்டிருந்தா, நட்டு லூசானதும் மொத்தமா வெளிய தள்ளிரும் தம்பி" என்றார்.

அப்புறம் ரிங்கைத் தரையில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, வெடிப்பு இருக்கா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். அந்த ரிங் வேறு கம்பெனி டிஸ்க்குக்கு உரியது, பார்க்கப் பொருந்தின மாதிரிதான் இருந்தது, ஆனால் காடியில் முழுதாக உட்காரவில்லை. தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு சரியான ரிங் வாங்கி வரச் சொன்னார். அது வந்ததும் கொஞ்சூண்டு காற்று மட்டும் விட்டு ரிங் உட்கார்ந்ததைப் பார்த்து, டயரை இரும்புக் கூண்டுக்குள் தள்ளி, வால்வில் கிளிப்பை மாட்டி, நீள ஹோஸோடு பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார். காற்றின் அளவைக் காட்டும் கேஜும் அவர் கையில்தான். எங்கள் கிளீனர் எட்டிப் பார்க்கப் போக, போட்டார் ஒரு சத்தம்.

டயரில் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 45 கிலோ தள்ளுகிறது. ரிங் தெறித்தால் எதிரே நிற்கிறவர் பிழைப்பது கஷ்டம். அமெரிக்காவில் கூண்டும் நீள ஹோஸும் கட்டாயம் என்று 1980லேயே விதி போட்டுவிட்டார்கள். குறித்த அளவில் 80 சதவீதத்துக்கும் கீழே காற்று இறங்கி ஓடிய டயரை, பிரித்துப் பார்க்காமல் அப்படியே காற்று அடிக்கவும் கூடாது.

நம்ம பக்கம் நிறையக் கடைகளில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே சின்னப் பையன்கள் குனிந்து ரிங்கைச் சுத்தியலால் தட்டுகிறார்கள், பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தட்ட வேண்டியிருந்தால் முழுக்க இறக்கிவிட்டுத் தட்டச் சொல்லுங்கள், முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மேலூர் ரோட்டில் கூண்டு வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்களேன்.