எட்டு மாதமாக முதுகுப் படங்கள்தான், என்ன செய்யலாம்?

ஞாயிறு காலைகளில் நாலைந்து பேருக்குத் தெருப் படம் எடுக்கச் சொல்லித்தருகிறேன். அதில் ஒரு தம்பி விஷயத்தில் முட்டி நிற்கிறேன். எட்டு மாதமாக நேரம் தவறாமல் வருகிறான், வெளிச்சம் பார்க்கிற கண்ணும் இருக்கிறது, ஆனால் கொண்டுவருகிற படமெல்லாம் ஆட்களின் முதுகு, முகமே இல்லை.

கேமரா ஃபியூஜி எக்ஸ்100வி. கழற்ற முடியாத, ஜூம் இல்லாத 23 மி.மீ. லென்ஸ், கிட்டப் போகாமல் வழியே இல்லை. ஃபோகஸை 2 மீட்டரில் வைத்து லென்ஸ் துளை எஃப்8, ஷட்டர் வேகம் 1/500 நொடி போட்டுக்கொள், ஒன்றேகாலிலிருந்து ஐந்து மீட்டர் வரை தெளிவாக விழும், கேமராவைக் கண்ணில்கூட வைக்க வேண்டாம் என்றேன். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகள் பக்கம் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன். அப்புறம் காசிமேடு, விடியற்காலை மீன் ஏலம், நம்மைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. அங்கேயும் ஒரு அக்கா கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்ததும் பையன் கேமராவை இறக்கிவிட்டு வாட்ச் பார்க்கிறான்! சரி, கேட்டுவிட்டு எடு என்றால், எல்லாரும் விறைத்து நின்று போஸ் கொடுக்கிறார்கள். போன மாதம் பாரிமுனையில் ஒருவர் 'எதுக்குடா எடுக்கிற' என்று சத்தம் போட்டதிலிருந்து இன்னும் மோசம்.

இப்படிக் கூச்சமுள்ளவரை முகத்துக்கு நேராக எடுக்க வைத்தவர்கள் இருந்தால், எந்தப் பயிற்சி கைகொடுத்தது?