நகர்ப்புற வேலைத் திட்ட அட்டை இருந்தும் அழைப்பு வரவில்லை: யாரிடம் முறையிடுவது?

கால்வாய்க்கரை:
வணக்கம். என் அம்மாவிடம் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தின் வேலை அட்டை இருக்கிறது. முன்பு பூங்காவைச் சீரமைக்கவும் மரக்கன்று நடவும் அழைத்தார்கள். கூலியும் வங்கிக் கணக்கில் ஒழுங்காக ஏறியது. இப்போது பல மாதங்களாக அழைப்பே இல்லை. அலுவலகத்தில் கேட்டால், சொல்லி அனுப்புவதாகக் கூறுவதோடு சரி. எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்? அவசரம்.

வார்டுவாசி:
எந்த வார்டு, எந்த மண்டலம், அட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்று ஒன்றுமே சொல்லவில்லையே! சென்னைதானா என்பதுகூடத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு அறுந்திருக்கும். எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை நின்றுபோன வீடுகளில் எல்லாம் அதுதான் காரணம். முதலில் வங்கிக்குச் செல்லுங்கள்.

வார்டுவாசி:
கணக்குப்பிள்ளை ஐயா, நின்றுபோனது கூலி அல்ல, வேலை. வங்கி என்ன செய்யும்?

பழம்பெருச்சாளி:
இந்தக் கேள்விக்கு இங்கேயே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. இதை நூறு நாள் வேலை என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். கிராமங்களுக்காக 2005இல் வந்த சட்டம், கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசின் இந்த நகர்ப்புறத் திட்டமோ 2022இல் ரூ.100 கோடி ஒதுக்கீட்டில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. சென்னையில் இத்திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்கள் மட்டுமே. நிதி விடுவித்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

புளியந்தோப்பு:
விடை சரி, தொனி தேவையில்லை. பெரிய நகரத்து ஏழைகள் இப்படி விடுபடுவது புதிதல்ல. 1997இல் மத்திய அரசு நகர ஏழைகளுக்காகக் கொண்டுவந்த சொர்ண ஜெயந்தித் திட்டத்தின் கூலி வேலைப் பிரிவே ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு மட்டும்தான் இருந்தது. வடசென்னை வளர்ச்சிக்கு இன்று கோடிக்கணக்கில் பணம் வருகிறது. ஆனால் எங்கள் தெரு மழைநீர் வடிகாலில் வேலை செய்ய ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களையும் இயந்திரத்தையுமே இறக்குகிறார்.

பழம்பெருச்சாளி:
இயந்திரம் வேண்டாமென்றால் மனிதர்களை வடிகாலில் இறக்கச் சொல்கிறீர்களா? கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

புளியந்தோப்பு:
நான் சாக்கடையைச் சொல்லவில்லை. வடிகாலில் கழிவுநீர் கலந்து ஓடும் இடங்களில் உங்கள் அச்சம் நியாயமானது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மூடிபோடுதல், நடைபாதை ஓரம் கல் பதித்தல், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தல் என்று கையால் செய்யத்தக்க வேலைகள் ஏராளம். இங்கே குடியிருப்பவர்களுக்கே அவற்றைத் தந்தால் தெருவும் சீராகும், கூலியும் அந்தத் தெருவிலேயே தங்கும்.

வார்டுவாசி:
இருவரும் பொறுங்கள், கேட்டவர் எங்கே?

கால்வாய்க்கரை:
மன்னிக்கவும், பணியில் இருந்தேன். கொருக்குப்பேட்டையில் கால்வாய் ஓரம் குடியிருந்தோம். இப்போது எர்ணாவூர்க் குடியிருப்பில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். அட்டையில் பழைய முகவரிதான்.

வார்டுவாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொருக்குப்பேட்டை தண்டையார்பேட்டை மண்டலத்தில் இருக்கிறது. எர்ணாவூர் திருவொற்றியூர் மண்டலம். திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த எல்லைக்கு வெளியே போய்விட்டீர்கள். பழைய வார்டில் நீங்கள் இல்லை என்று பெயரை நீக்கியிருக்கலாம், அல்லது அங்கேயே யாருக்கும் வேலை இல்லாமலும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் வாதாடிப் பயனில்லை. தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், அந்த வார்டில் இந்த ஆண்டு எந்தெந்தப் பணிகளுக்கு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, அம்மாவின் அட்டை எண் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எதற்கும் ஆதாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கால்வாய்க்கரை:
மனு கொடுத்து ஒப்புகை வாங்கியாயிற்று. நன்றி.

புளியந்தோப்பு:
தகவல் உரிமைக்கும் எழுதினீர்களா? பணிப்பட்டியல் கிடைத்தால் இங்கே பதியுங்கள். எங்கள் மண்டலத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.