ஸ்கா பங்க் மேடைப் பதிவுகள் தேடுகிறேன், உதவுங்கள்
மக்களே, ஒரு பஞ்சாயத்து. ட்ரம்பெட், ட்ராம்போன் மாதிரி ஊதுகருவிகள் இல்லாவிட்டால் அது ஸ்கா பங்க்கே (ஜமைக்காவின் ஸ்கா இசையும் பங்க் ராக்கும் கலந்த வகை) இல்லை என்று நண்பன் அடம்பிடிக்கிறான். அப்படியென்றால் 1987-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ஆபரேஷன் ஐவி குழுவை எங்கே வைப்பது? நான்கே பேர், நிரந்தரமாக ஊதுபவர் ஒருவரும் கிடையாது, ஆனாலும் கிட்டார் எதிர்த்தாளத்தில் வெட்டி வெட்டி வந்து கோரஸில் அப்படியே பங்க்காக வெடிக்கும். பாஸ்டனின் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழுவை ஸ்கா-கோர் என்கிறார்கள், சரி, அதில் ஹார்ட்கோர் (பங்க்கின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம்) சத்தமாவது இருக்கிறது. ஸ்ட்ரீட்லைட் மேனிஃபெஸ்டோ குழு எந்த வகை என்ற விஷயத்தில் எனக்கே குழப்பம்தான்.

மேடையில் கேட்டால்தான் எது எந்த வகை என்று புரியும் என்பது என் கட்சி, ஸ்டுடியோவில் எல்லாம் ஒரே பளபளப்பு. அதனால் லெஸ் தன் ஜேக், ரீல் பிக் ஃபிஷ் மாதிரி குழுக்களின் முழு நிகழ்ச்சிப் பதிவு, கூட்டச் சத்தத்தில் ட்ராம்போன் அமுங்கிப்போகாததாக இருந்தால் சொல்லுங்கள். பெர்க்லியின் பங்க் அரங்கமான 924 கில்மன் தெருவில் எடுத்தது என்றால் ஒலி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.