செபுல்டுரா 1996: மாக்ஸ் போனாரா, போக வைத்தார்களா?

கோவை த்ராஷர்:
2023 டிசம்பரில் பிரேசில் மெட்டல் பேண்டு செபுல்டுரா விடைபெறும் சுற்றுப்பயணத்தை அறிவித்ததிலிருந்து பழைய சண்டை மறுபடி சூடாகிவிட்டது. தொடங்கிய மாக்ஸ், இகோர் கவலேரா சகோதரர்கள் இரண்டு பேரும் இல்லாத பேண்டு யாரிடம் விடைபெறுகிறது என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மாக்ஸுக்குப் பிறகு வந்த டெரிக் கிரீன் 25 வருஷத்துக்கு மேல் பாடியிருக்கிறாரே, அது கணக்கில் வராதா என்று மீதிப் பேர். எனக்கு அதற்கு முந்தைய கேள்விதான் முக்கியம். 1996-ல் இந்த பேண்டை உடைத்தது யார்?

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984, பிரேசில், பெலோ ஒரிசோன்டே நகரம். அண்ணன் மாக்ஸ் கிட்டாரும் குரலும், தம்பி இகோர் டிரம்ஸ். அப்பா இத்தாலியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். அவர் மாரடைப்பில் போனதும் வசதியாக இருந்த குடும்பம் நொடித்துப் போனது. பாஸ் வாசிக்க பாவுலோ ஜூனியர். 1986-ல் 'மார்பிட் விஷன்ஸ்' பதிவானபோது கிட்டாருக்குச் சுதி சேர்க்கக்கூட இவர்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் சாவோ பாவுலோவிலிருந்து ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர் வந்து சேர்ந்தார், வாசிப்பு ஒரேயடியாக மாறியது. 1989-ல் 'பினீத் தி ரிமெயின்ஸ்', 1991-ல் 'அரைஸ்', 1993-ல் 'கேயாஸ் ஏ.டி.', 1996-ல் 'ரூட்ஸ்'. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 'ரூட்ஸ்' 27-ஆம் இடம் வரை ஏறியது. அதே வருஷம் டிசம்பர் 16, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி. நாலு பேரும் சேர்ந்து வாசித்த கடைசி மேடை அதுதான். அதோடு மாக்ஸ் விலகினார்.

என் கட்சி இது. உடைத்தது மற்ற மூவர். மேனேஜர் குளோரியா, மாக்ஸின் மனைவி. அவருடைய மகன் டேனா அந்த வருஷம் ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் கார் விபத்தில் இறந்தான். நாலு மாதம் கழித்து அந்த அம்மாவிடம் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்கள். வேறு எந்த நியாயம் இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் அதைச் செய்திருக்கக் கூடாது.

பாஸ்லைன்:
த்ராஷர், உணர்ச்சியை ஒரு பக்கம் வையுங்கள். ஒப்பந்தம் முடியும் நேரத்தை மூவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது அப்போதுதான் முடிந்தது. நாலு பேர் சம பங்காளிகளாக இருக்கும் பேண்டில் ஒருவருடைய மனைவி மேனேஜர். பத்திரிகை அட்டைக்குப் படம் எடுக்க வந்தால் மாக்ஸ் முன்னால், மற்றவர்கள் பின்னால். பேட்டி என்றாலும் மாக்ஸ்தான். நாலு பாகஸ்தர் நடத்தும் மளிகைக் கடையில் ஒருவருடைய வீட்டம்மா கல்லாவில் உட்கார்ந்தால் மற்ற மூவரும் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்கள்? இதில் துரோகம் எங்கே வந்தது?

அவர்கள் தரப்பு சொல்வதையும் பதிவு செய்கிறேன்: குளோரியா மாக்ஸுக்கு மட்டும் மேனேஜராக இருக்கட்டும், பேண்டுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றுதான் கேட்டார்கள். மாக்ஸை யாரும் வெளியே தள்ளவில்லை. அவரே போனார்.

நாலு கம்பி:
ஆஹா, "அவரே போனார்". மகனாக வளர்த்த பையனைப் புதைத்துவிட்டு வந்த மனிதர். வீட்டில் மனைவி உடைந்து கிடக்கிறார். அந்த மனைவியை வேலையை விட்டு அனுப்புகிறோம், நீ மட்டும் மேடையில் வந்து கத்து என்றால் யார் இருப்பான்?

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. டேனா வெறும் "மேனேஜர் மகன்" இல்லை. 'ரூட்ஸ்' ஆல்பத்தில் 'ஆட்டிட்யூட்' பாட்டு எழுதியதில் அவன் பெயரும் இருக்கிறது. அந்த வீடியோவின் யோசனையும் அவனுடையது. இந்த பேண்டுக்குள்ளேயே வளர்ந்த பையன் அவன். அவன் சாவு மாக்ஸ் வீட்டு விஷயம், பேண்டு விஷயம் வேறு என்று கோடு போட முடியாது.

(என் புனைபெயருக்கு விளக்கம் கேட்டவர்களுக்கு: மாக்ஸ் கிட்டாரில் மெல்லிய இரண்டு கம்பிகளும் கிடையாது, மீதி நாலுதான். அந்த நாலில்தான் 'ரூட்ஸ்' ரிஃப் அத்தனையும்.)

பாஸ்லைன்:
டேனாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. ஆனால் துக்கம் மாக்ஸுக்கு மட்டும்தானா? செய்தி வந்தபோது அத்தனை பேரும் இங்கிலாந்தில் இருந்தார்கள். மறுநாள் டொனிங்டனில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் இசைவிழா. மாக்ஸும் குளோரியாவும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மீதி மூவரும் அன்று மேடை ஏறினார்கள், ஆந்த்ரேயாஸ் பாடினார். பாடகன் இல்லாமல், அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு, அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால். அதை யாராவது பேசுகிறீர்களா?

நாலு கம்பி:
பேசலாமே. எனக்கு அந்த மேடைதான் ஆரம்பம். நீ இல்லாமலும் ஓடும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது அவர்களுக்கு.

பாஸ்லைன்:
இது ரொம்ப அநியாயம். மேடை ஏறியிருக்காவிட்டால் பொறுப்பில்லாதவர்கள் என்பீர்கள், ஏறினால் சதி என்கிறீர்கள்.

கறுப்புச்சட்டை:
இரண்டு பேரும் ஆளைத் திட்டுவதிலேயே நிற்கிறீர்கள். கணவன் பேண்டை மனைவி நடத்தினால் உடைந்துவிடும் என்பது எங்கும் பாடும் பல்லவி. பீட்டில்ஸ் உடைந்ததற்கு ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ஷரோன் ஆஸ்போர்னைப் பாருங்கள். மறைந்த மெட்டல் பாடகர் ஓசி ஆஸ்போர்னின் மனைவி, அவருடைய மேனேஜராகவும் இருந்தவர். அவரை எல்லோரும் கொண்டாடுகிறோம். ஃபீனிக்ஸிலிருந்து உழைத்து, பிரேசில் பேண்டு ஒன்றை உலக மேடையில் நிறுத்திய குளோரியா மட்டும் வில்லி. ஏன்?

பாஸ்லைன்:
ஏன் என்று நானே சொல்கிறேன். ஓசியின் பேண்டில் ஓசி முதலாளியாக இருந்தார், மற்றவர்கள் சம்பளக்காரர்கள். கிட்டாரிஸ்ட் மாறினார், டிரம்மர் மாறினார், பெயர் ஓசியுடையது. ஷரோன் ஓசிக்காகப் பேசினார் என்றால் அது அவருடைய வேலை. செபுல்டுராவில் நாலு பேருக்கும் சமமாகப் பேச வேண்டியவர் குளோரியா. ஒருவரோடு குடும்பம் நடத்திக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஆண் மேனேஜர் தன் தம்பியைப் பாடகனாக வைத்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

கறுப்புச்சட்டை:
சரி, அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாக்ஸ், குளோரியா கல்யாணம் 90-களின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. அதற்கப்புறம்தான் 'கேயாஸ் ஏ.டி.', அப்புறம் 'ரூட்ஸ்'. பேண்டின் உச்சம் முழுக்க இந்த "முடியாத" ஏற்பாட்டில்தான் நடந்திருக்கிறது. பணம் வந்துகொண்டிருந்தபோது வராத சந்தேகம் 96-ல் எப்படி வந்தது?

என் பதில்: ஓட்டம். 1989-ல் சோடம் பேண்டுக்குத் துணையாக முதல்முறை ஐரோப்பா போனார்கள். அன்றிலிருந்து ஆல்பம், சுற்றுப்பயணம், ஆல்பம், சுற்றுப்பயணம். பதினைந்து வயதில் ஒன்று சேர்ந்த பையன்கள் முப்பதை நெருங்குகிறார்கள். கல்யாணம், குழந்தை. 'கேயாஸ் ஏ.டி.'யில் 'ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கிறதே இதயத் துடிப்பு, அது மாக்ஸின் மகன் ஸயான், அம்மா வயிற்றுக்குள் இருந்தபோது பதிவு செய்தது. (அந்தப் பையன் இப்போது, மாக்ஸ் பிரிந்த பிறகு தொடங்கிய சோல்ஃப்ளை பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான் என்று நினைத்தால் எனக்கு வயசாகிவிட்டது தெரிகிறது.) யாருக்கும் நின்று மூச்சு விட நேரம் இல்லை. டேனா இறந்த பிறகு அந்த வருஷக் கடைசி மேடைகளை ரத்து செய்துவிட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்திருந்தால் கதையே வேறு.

சும்மா கேட்பவன்:
இடையில் ஒரு சந்தேகம். இசைதான் காரணம் என்று சொல்வார்களே? மாக்ஸ் நூ மெட்டல் (ஹிப்ஹாப், க்ரூவ் கலந்த 90-களின் மெட்டல் பாணி) பக்கம் போனார், ஆந்த்ரேயாஸுக்கு அது பிடிக்கவில்லை என்று படித்தேன்.

கோவை த்ராஷர்:
அது பின்னால் கட்டிய கதை. 'ரூட்ஸ்' ஆல்பத்துக்கு நூ மெட்டலுக்குப் பேர்போன ராஸ் ராபின்சன் தயாரிப்பாளராக வந்ததை நாலு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். பிரேசில் இசைக்கலைஞர் கார்லினியோஸ் பிரவுன் தாளக்கருவிகளோடு வந்து உட்கார்ந்தபோதும் யாரும் முறைக்கவில்லை. பிரேசிலின் மாத்தோ குரோசோவில் ஷவான்தே பழங்குடிகளின் ஊருக்கு எல்லோரும் சேர்ந்துதான் போனார்கள். உடம்பில் அவர்களுடைய வண்ணம் பூசிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து வாசித்து, அங்கேயே பதிவானதுதான் 'இட்சாரி' பாட்டு. அதில் ஆந்த்ரேயாஸின் கிட்டார் எவ்வளவு அடக்கமாக, அவர்களுடைய குரலுக்கு வழிவிட்டுப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காத ஆள் அப்படி வாசிக்க மாட்டார்.

உடைந்த பிறகும் இரண்டு தரப்பும் ஒரே திசையில்தான் நடந்தன. 1998-ல் சோல்ஃப்ளையின் முதல் ஆல்பம் பிரேசில் தாளங்களோடு வந்தது, தயாரிப்பு அதே ராஸ் ராபின்சன். அதே வருஷம் 'அகைன்ஸ்ட்' ஆல்பத்தில் செபுல்டுரா ஜப்பானின் கோடோ டிரம் குழுவைக் கொண்டுவந்தது. இசைக்காகச் சண்டை போட்டவர்கள் பிரிந்த பிறகும் ஒரே மாதிரி ஆல்பம் போடுவார்களா?

பாஸ்லைன்:
இந்த ஒரு விஷயத்தில் நானும் த்ராஷரும் ஒரே கட்சி. பிரிக்ஸ்டன் மேடையின் பதிவு 2002-ல் 'அண்டர் எ பேல் கிரே ஸ்கை' என்று வெளிவந்தது. போட்டுக் கேளுங்கள். இகோர் அடிக்கிற அடியிலும் ஆந்த்ரேயாஸ் நுழைகிற இடத்திலும் ஒரு விரிசல் கேட்காது. அன்று இரவோடு முடியப்போகிறது என்று அந்தப் பதிவை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

நாலு கம்பி:
கேட்காதுதான். ஏனென்றால் பாடுகிறவருக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

அப்புறம், பின்னால் நடந்ததையும் பேசலாம். 2006-ல் இகோரும் விலகினார். அதே வருஷம் ஃபீனிக்ஸில் டேனா நினைவாக நடந்த நிகழ்ச்சியில் அண்ணனோடு மேடை ஏறினார். 2008-ல் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய கவலேரா கான்ஸ்பிரசி பேண்டின் முதல் ஆல்பம். 2023-ல் 'மார்பிட் விஷன்ஸ்' ஆல்பத்தையே புதிதாகப் பதிவு செய்தார்கள் (இந்தத் தடவை சுதி சேர்த்து!). பேண்டைத் தொடங்கிய இரண்டு பேரும் ஒரு பக்கம், பேண்டின் பெயர் இன்னொரு பக்கம். அந்தப் பெயரை மூட்டை கட்டி வைத்திருக்க வேண்டும்.

பாஸ்லைன்:
இகோரை நீங்கள் இழுத்தது நல்லதாகப் போயிற்று. 1996-ல் கூடப் பிறந்த அண்ணனை விட்டுவிட்டு யாரோடு நின்றார் இகோர்? மற்ற இருவரோடு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து வருஷம். மாக்ஸுக்கு அநியாயம் நடந்தது என்றால் அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவர் அவர்தானே? அவருக்கே அன்றைக்குக் குளோரியா ஏற்பாடு சரியில்லை என்று பட்டிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோவை த்ராஷர்:
அதே இகோர்தான் பத்து வருஷம் கழித்து அண்ணனிடம் திரும்பி வந்தார். 2017-ல் செபுல்டுராவைப் பற்றி ஆவணப்படம் வந்தபோது அதில் முகம் காட்ட மறுத்தவர்களில் அவரும் ஒருவர். உங்கள் சாட்சி இரண்டாவது விசாரணையில் எங்கள் பக்கம் வந்துவிட்டார், பாஸ்லைன்.

பாஸ்லைன்:
அண்ணன் தம்பி சமாதானம் ஆவது வேறு, 96-ல் யார் சரி என்பது வேறு. ரத்தம் கூப்பிட்டால் யாரும் போவார்கள்.

கறுப்புச்சட்டை:
பெயரைப் பற்றி நான் பேச வேண்டும். மாக்ஸ் பாடிய முழு ஆல்பங்கள் ஆறு. டெரிக் பாடியவை ஒன்பது. அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து வந்து, போர்த்துகீசியம் பேசும் ரசிகர் கூட்டத்துக்கு முன்னால், ஒவ்வொரு இரவும் இன்னொருவருடைய பாட்டைப் பாடி, "மாக்ஸ் எங்கே" என்ற கேள்வியோடேயே ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறார். அவரை வாடகைக்கு வந்தவர் மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'மெஷின் மெசையா', 'குவாட்ரா' இரண்டையும் கேட்டுவிட்டு வந்து பெயரை மூட்டை கட்டச் சொல்லுங்கள்.

நாலு கம்பி:
டெரிக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல மனிதர், நல்ல குரல். ஆனால் விடைபெறும் மேடையிலும் கடைசியில் எந்தப் பாட்டுக்காகக் கூட்டம் காத்திருக்கிறது? 'ரூட்ஸ் பிளடி ரூட்ஸ்'. அது யார் பாட்டு?

பாஸ்லைன்:
நாலு பேர் பாட்டு. ஆல்பத்தின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

சும்மா கேட்பவன்:
'குவாட்ரா' போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருங்க இந்த டிரம்மர்? மிரட்டுகிறார்.

கறுப்புச்சட்டை:
எலோய் காசாகிராந்தே. 2011-லிருந்து வாசித்தார்.

சும்மா கேட்பவன்:
அப்போ விடைபெறும் சுற்றுப்பயணத்தில் இவரைப் பார்க்கலாமா?

நாலு கம்பி:
முடியாது. பெலோ ஒரிசோன்டேயில் முதல் மேடைக்குச் சில வாரம் இருக்கும்போது விலகிவிட்டார். இப்போது அமெரிக்க மெட்டல் பேண்டு ஸ்லிப்நாட்டில் இருக்கிறார். இதற்கும் குளோரியாதான் காரணமா, பாஸ்லைன்?